வயதான கினிப் பன்றிக்குக் கல்: அறுவையா, வீட்டுப் பராமரிப்பா, விடைகொடுப்பதா?

மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வளரும் அவலுக்கு இந்தச் சித்திரையில் ஆறு வயது நிறைந்தது. பெண் கினிப் பன்றி, புல் தின்னும் சிறு கொறிவிலங்கு. முதுகு நனைத்த சிவப்பு அவலின் நிறம், வயிறு வெள்ளை. அதனால் அந்தப் பெயர். கினிப் பன்றிகள் பொதுவாக ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள் வாழும் என்பதால் அவளைக் கிழவி என்றே சொல்லிவிடலாம். பங்குனிக் கடைசியில் ஒரு காலை, சிறுநீர் கழிக்கும்போது முதுகை வளைத்துக்கொண்டு கீச்சென்று கத்தினாள். கீழே விரித்திருந்த பழைய வேட்டித் துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. எக்ஸ்ரே எடுத்ததில் சிறுநீர்ப்பைக்குள் மிளகைவிடச் சற்றே பெரிதாக ஒரு கல் இருந்தது. எலும்பைப் போல வெள்ளையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது.

அறுவை செய்து கல்லை எடுத்துவிடலாம். வலி மருந்தும் உணவு மாற்றமுமாக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். துன்பம் முற்றினால் மருத்துவர் கையால் அமைதியாக முடித்துவிடலாம். இந்த மூன்றுக்கும் நடுவில் பத்து நாள் தவித்தோம். அப்போது படித்தது, மருத்துவர்களிடம் கேட்டது, முன்பு வளர்த்த கினிப் பன்றியிடம் செய்த தவறு எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இதே விலங்கை மடியில் வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பயன்படட்டும்.

கேட்டவர்கள் எல்லோரும் முதலில் வயதைத்தான் கேட்டார்கள். “ஆறு வயதா? இனி என்ன செய்து என்ன ஆகப்போகிறது?” என்றார்கள். வயதை மட்டும் வைத்து இதை முடிவுசெய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கேட்க வேண்டியவை வேறு இரண்டு கேள்விகள். எடை எப்படி இருக்கிறது? பகல் முழுவதும் வீட்டில் யார் இருக்கிறார்கள்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் பாதி முடிவு தானே வந்துவிடும்.

எடை ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இந்த விலங்கு நோயை மறைக்கும். பருந்துக்கும் நரிக்கும் இரையாகும் இனம். தளர்ச்சியை வெளியே காட்டினால் பிழைக்க முடியாது. நோய் நம் கண்ணுக்குத் தெரியும் நாளில் அது பெரும்பாலும் முற்றியிருக்கும். வளர்ந்த கினிப் பன்றியின் எடை 700 கிராமிலிருந்து 1,200 கிராம் வரை இருக்கும். அவல் தை மாதத்தில் 960 கிராம் இருந்தாள். எக்ஸ்ரே எடுத்த அன்று 870. பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பது கணக்கு. அந்த எல்லையை அவள் தொட்டுக்கொண்டு நின்றாள். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு கிண்ணத்தில் உட்காரவைத்து வாரம் ஒருமுறை நிறுக்கலாம். நோய் வந்தபின் தினமும், அதே நேரத்தில் நிறுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கம் எனக்கு முன்பே இருந்திருந்தால் மாசியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

மூன்று வழிகளுக்கும் போவதற்கு முன், யாரும் பெயர் சொல்லாத நான்காவது வழியைத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது. “இரண்டு நாள் பார்க்கலாம்” என்பது அதன் பெயர். ஆடு மாடுகள் ஒரு வேளை தீனி எடுக்காவிட்டால் நாம் அப்படிச் சொல்லிப் பழகியவர்கள். கினிப் பன்றிக்கு அது பொருந்தாது. மாட்டுக்கு இரைப்பை செய்யும் வேலையை இதற்குப் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய பை ஒன்று செய்கிறது. அங்கே நுண்ணுயிரிகள் நாரைப் புளிக்கவைத்துக்கொண்டே இருக்கின்றன. நார் போவது நின்றால் குடல் ஓட்டம் நிற்கும், வாயு சேரும், வலி கூடும், வலியால் இன்னும் சாப்பிடாமல் போகும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமலிருந்தால் அவசரம். ஒரு நாள் முழுவதும் என்றால் உயிருக்கே ஆபத்து. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், வலி மருந்தும் ஊட்டுவதும் முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். பத்து நாள் யோசித்தோம் என்று சொன்னேன். அந்தப் பத்து நாளும் அவலுக்கு மருந்து போய்க்கொண்டிருந்தது.

நாட்டு மருந்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் கல் என்ற சொல் காதில் விழுந்தால் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளையும் நெருஞ்சிலும் பேச்சில் வந்துவிடும். அன்பால் சொல்கிறார்கள், மறுக்க மனம் வராது. ஆனால் மனிதர்களுக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் ஆக்சலேட் கல். கினிப் பன்றிக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதன் சிறுநீரின் தன்மையும் நம்முடையதிலிருந்து வேறு. நாய் பூனைகளுக்கு வரும் ஒருவகைக் கல்லை உணவு மாற்றத்தாலேயே கரைக்க முடியும். கால்சியம் கார்பனேட் கல் அப்படிக் கரைவதில்லை. சாற்றைச் சிரிஞ்சில் ஏற்றிக் கட்டாயமாகப் புகட்டினால் மூச்சுக் குழாய்க்குள் போகும் ஆபத்துதான் மிச்சம். நான் வாங்கி வந்த வாழைத்தண்டை அம்மா கூட்டு வைத்துவிட்டார்.

அறுவை

வயிற்றைத் திறந்து, சிறுநீர்ப்பையைத் திறந்து, கல்லை எடுத்துத் தைக்க வேண்டும். கல்லை உண்மையாகவே இல்லாமல் ஆக்கும் வழி பெரும்பாலும் இது ஒன்றுதான். மூன்று, நான்கு வயது, நல்ல எடை, பசி குறையாத விலங்கு என்றால் நான் தயங்காமல் இதையே சொல்வேன். இதன் பலம் பெரியது: வலியின் காரணமே போய்விடுகிறது.

பலவீனம் மயக்க மருந்தில் தொடங்குகிறது. பிரிட்டனில் நடந்து 2008 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்க மருந்து கொடுக்கப்பட்ட விலங்குகளில் அதையொட்டி இறந்தவற்றைக் கணக்கெடுத்தது. நாய்களில் 0.17 விழுக்காடு. முயல்களில் 1.39. கினிப் பன்றிகளில் 3.80. ஏறக்குறைய இருபத்தாறில் ஒன்று. அந்தக் கணக்கில் எல்லா வயதும் எல்லா நோயும் சேர்ந்திருக்கின்றன. எடை குறைந்த கிழவிக்கு ஆபத்து இதைவிடக் கூடும் என்றுதான் எண்ணிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கல் திரும்பி வருவது இந்த இனத்தில் சாதாரணம். இந்தக் கோடையில் எடுத்தால் அடுத்த கோடையில் இன்னொன்று உருவாகியிருக்கலாம்.

மூன்றாவது, தூரம். நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் இருக்கும் மருத்துவர்கள் நள்ளிரவில் கன்று முட்டிக்கொண்டு நிற்கும் பசுவைக் காப்பாற்றுபவர்கள். அவர்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஒரு கிலோகூட இல்லாத விலங்கின் சிறுநீர்ப்பையைத் தைப்பது வேறு பயிற்சி, வேறு கருவிகள். தஞ்சாவூர்–பட்டுக்கோட்டைச் சாலையில் ஒரத்தநாட்டில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. டெல்டாக்காரர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய இடம் அது. அடுத்து 1903 இல் தொடங்கிய சென்னை வேப்பேரிக் கல்லூரி. மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். சித்திரை வெயிலில் அந்தப் பயணமே ஒரு நோய். போக வேண்டியிருந்தால் இரவில் கிளம்பி விடிவதற்குள் சேர்ந்துவிடுங்கள். காற்றோட்டமான மூங்கில் கூடையில் புல்லும் வெள்ளரித் துண்டுகளும் போட்டுவிடுங்கள்; உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றி ஓரத்தில் வையுங்கள். அது வழியெல்லாம் தின்றுகொண்டே வர வேண்டும்.

எங்கே போனாலும் மருத்துவரிடம் தயக்கமில்லாமல் கேளுங்கள்: இந்த இனத்துக்கு முன்பு மயக்க மருந்து கொடுத்திருக்கிறீர்களா? விழிக்கும்வரை உடல் சூட்டை எப்படிக் காப்பீர்கள்? வலி மருந்து எத்தனை நாள்? முதல் நாள் இரவே பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். கினிப் பன்றியால் வாந்தி எடுக்க முடியாது. நாயைப் போல இதை நீண்ட நேரம் பட்டினி போடுவது குடலை நிறுத்திவிடும்; வாயில் உணவு தங்காதிருக்கச் சிறிது நேரம் நிறுத்தினாலே போதும்.

ஆன்டிபயாடிக் பற்றி ஒரு செய்தி. அறுவைக்குப் போகாதவர்களும் இதைப் படியுங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இருந்த முதல் கினிப் பன்றிக்குச் சளி பிடித்தது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் சிரப் வீட்டில் இருந்தது. சின்ன உயிர், குழந்தை மருந்துதானே என்று ஐந்து நாள் கொடுத்தேன். கழிச்சல் கண்டு இறந்துபோனது. பெனிசிலின் வகை மருந்துகளை இந்த விலங்குக்கு வாய்வழியே கொடுத்தால் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிரிகள் செத்து, நஞ்சு சுரக்கும் கிருமிகள் பெருகிவிடும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், எரித்ரோமைசின் இவை எல்லாம் இதற்கு ஆகாது. என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம் சல்ஃபா போன்றவற்றைத்தான் மருத்துவர்கள் வழக்கமாக எழுதுகிறார்கள். நாய்க்கும் பூனைக்கும் அன்றாடம் அமாக்சிசிலின் எழுதும் கை பழக்கத்தில் எழுதிவிடக்கூடும். சீட்டில் பெயரைப் படித்துப் பாருங்கள். அன்று எனக்கு இது தெரியாது. அந்தப் பெண் குட்டியின் முகம் இன்னும் மனத்தில் இருக்கிறது.

பெண்களுக்கு மட்டும் ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. அவற்றின் சிறுநீர்க் குழாய் குட்டையானது, ஆண்களுடையதைவிட அகலமானது. கல் சிறியதாக இருந்து குழாயின் வாய்வரை இறங்கி வந்தால், மயக்கத்தில் வைத்து வயிற்றைத் திறக்காமலே இடுக்கியால் எடுத்துவிட முடியும். ஆணுக்குக் கல் குழாயில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் நின்றுபோகும். அப்போது யோசிக்க மணிக்கணக்கில்தான் நேரம் இருக்கிறது.

வீட்டுப் பராமரிப்பு

இதை “ஒன்றும் செய்யாமல் விடுவது” என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வாரம் செய்து பார்த்தால் தெரியும்; மூன்று வழிகளிலும் அதிக உழைப்பைக் கேட்பது இதுதான். அறுவையில் ஒரு நாள் நெஞ்சு படபடக்கும். இதில் ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்திருக்க வேண்டும்.

அடித்தளம் வலி மருந்து. மெலாக்சிகாம் என்ற திரவத்தை மருத்துவர் எடை பார்த்து அளவு எழுதிக் கொடுப்பார். சொட்டுக் கணக்கு என்பதால் ஊசியில்லாத ஒரு மில்லி சிரிஞ்சில் எடுக்க வேண்டும். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து ஆகையால் நீர் போதுமான அளவு உள்ளே போக வேண்டும்; அளவைக் கூட்டுவதோ குறைப்பதோ நம் வேலையில்லை. மருந்து வேலை செய்கிறதா என்பதை அறிய அவலிடம் எனக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. கீரைக்கட்டின் நாரை அவிழ்க்கும் சத்தம் கேட்டதும் அவள் கூவ வேண்டும். கூவினால் வலி அடங்கியிருக்கிறது. உடம்பை உருண்டையாகச் சுருக்கி, முடி சிலிர்த்து, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் இருந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது உணவு. இங்கேதான் டெல்டாவில் வாழ்வது நமக்குப் பெரிய துணையாகவும் பெரிய ஆபத்தாகவும் இருக்கிறது. நம்மைப் பொறுத்தவரை எலும்புக்கு வேண்டிய அளவை எடுத்துக்கொண்டு மீதிக் கால்சியத்தைக் குடல் விட்டுவிடுகிறது. கினிப் பன்றியின் குடல் உணவில் இருப்பதைப் பெரும்பாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மிஞ்சியது சிறுநீர் வழியேதான் வெளியேறும். ஆகவே கல் உள்ள விலங்குக்கு அகத்திக்கீரையும் முருங்கைக்கீரையும் கூடாது. இரண்டும் கால்சியத்தில் முன்வரிசையில் நிற்பவை, இரண்டும் எங்கள் கொல்லையில் நிற்பவை. நல்லது என்று நினைத்து நான்கு ஆண்டுகள் நான் அள்ளி அள்ளிப் போட்டேன். குதிரைமசாலும் (ஆல்ஃபால்ஃபா), அதை அடிப்படையாகக் கொண்ட உருண்டைத் தீவனமும் வளரும் குட்டிகளுக்கும் சினை விலங்குகளுக்குமே உரியவை. பசலையில் ஆக்சலேட் அதிகம், அதையும் விடுங்கள்.

கொடுக்க வேண்டியது புல். எப்போதும், வேண்டிய மட்டும். அருகம்புல், கொழுக்கட்டைப்புல் இரண்டையும் அவல் விரும்பித் தின்கிறாள். ஆனால் எங்கே அறுத்த புல் என்பது உயிர்ப் பிரச்சினை. மேட்டூர் திறந்து குறுவை நட்டதிலிருந்து வயல்களில் களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். வரப்புப் புல் பசுமையாக இருந்தாலும் தொடாதீர்கள். கொல்லைப்புறத்தில் நாமே விட்டு வளர்த்ததுதான் நம்பிக்கை. வைக்கோல் ஊர் முழுக்கக் கிடைக்கிறது. கொறிக்கவும் படுக்கவும் அது ஆகும், ஆனால் அதில் சத்துக் குறைவு. அதை மட்டும் தின்று ஒரு கிழ விலங்கு எடையைக் காப்பாற்ற முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்புல் ஒரே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மாசி வெயிலில் மொட்டைமாடியில் புல்லைக் காயவைத்து, துணிப்பையில் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டு வைக்கிறேன். திமோதி உலர்புல் இணையத்தில் வாங்கலாம். மழைக்காலத்துக்கு ஒரு பை இருந்தால் மனம் அமைதியாக இருக்கும்.

நம்மைப் போலவே இதனாலும் வைட்டமின் சியைத் தன் உடம்பில் தயாரிக்க முடியாது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். நோயில் மேல் எல்லையை ஒட்டிக் கொடுப்பது நல்லது. கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், புண் ஆறாது. கிழ விலங்கு நடக்கத் தயங்கினால் முதுமை என்று எண்ணிவிடுகிறோம். பல நேரம் அது இந்தக் குறைதான். கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆக விதை நீக்கிய கட்டைவிரல் அளவுத் துண்டு ஒரு நாளைக்குப் போதும். நெல்லிக்காய் என்றால் நகம் அளவுச் சீவல். குடைமிளகாயும் நல்லது, சர்க்கரையும் குறைவு. தண்ணீரில் வைட்டமின் சொட்டைக் கலந்து வைப்பது பயனற்றது, விரைவில் வீரியம் குறைந்துவிடும்; சுவை மாறியதால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடவும் கூடும். கல் உள்ள விலங்குக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. உப்புக் கரிக்கும் கிணற்று நீரை விட்டு, வடிகட்டிய குடிநீரையே வையுங்கள். கீரையைக் கழுவிய ஈரத்தோடு அப்படியே போடுங்கள். அந்த வழியிலும் நீர் உள்ளே போகும்.

தானாகத் தின்பது குறையும் நாள்களில் ஊட்ட வேண்டும். உருண்டைத் தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, வெதுவெதுப்பாக, முன் பல்லுக்கும் கடைவாய்க்கும் இடையில் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாகச் சிரிஞ்சை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, மென்று விழுங்கக் காத்திருக்க வேண்டும். மல்லாத்திப் பிடிக்கவே கூடாது. முழுவதும் ஊட்டியே காப்பாற்ற வேண்டிய நிலையில் கிலோவுக்கு ஒரு நாளில் 50 முதல் 80 மில்லி வரை போக வேண்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம் ஆகிறது. நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்து. அம்மா எழுபது வயதில் இதைக் கற்றுக்கொண்டார். “குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டின கைதானே” என்றார். அம்மா வீட்டில் இல்லையென்றால் இந்த வழி எனக்குத் திறந்திருக்காது. தனியாக இருந்து வேலைக்குப் போகிறவர்கள், நடுப்பகலில் வந்து ஊட்ட ஓர் ஆளை ஏற்பாடு செய்யாமல் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது தேர்ந்தெடுத்ததாகவே ஆகாது.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் டெல்டாவில் எதுவும் முடியாது. ஆண்டிஸ் மலைகளின் குளிரில் வந்த இனம் இது. 18 முதல் 24 டிகிரி அதற்குச் சுகம், 30 தாண்டினால் ஆபத்து. வியர்வையால் உடம்பைக் குளிர்விக்க இதனால் முடியாது, அதனால் மின்விசிறிக் காற்று மட்டும் உதவாது. அக்கினி நட்சத்திரத்தில் எங்கள் ஓட்டு வீட்டுக் கூடமே 35 டிகிரியைத் தொட்டது. முற்றத்தை ஒட்டிய சிவப்புச் சிமெண்டுத் தரையில், நனைத்த சாக்கைச் சுற்றித் தொங்கவிட்டு, உறைந்த பாட்டிலுக்குத் துணி சுற்றி அருகில் வைத்தோம். மின்சாரம் போகும் மதியங்களுக்காக இரண்டு பாட்டில் எப்போதும் குளிர்பதனப் பெட்டியில் தயார். படுக்கைக்கு உமியோ மரத்தூளோ வேண்டாம், தூசி நுரையீரலுக்குப் போகும். பழைய வேட்டியை நான்காக மடித்து, மேலே பருத்தித் துண்டு விரித்து, தினமும் இருமுறை மாற்றுகிறோம். கிழ விலங்கின் உள்ளங்கால் கடினத் தரையிலும் ஈரத்திலும் புண்ணாகிவிடும். அந்தப் புண் ஆற மாதக்கணக்கில் ஆகும்.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. கல் அங்கேயேதான் இருக்கிறது. நாம் வாங்குவது நல்ல நாள்களை. எத்தனை என்று தெரியாமல் வாங்குகிறோம்.

மருத்துவர் கையால் முடிப்பது

இதைப் பேச எடுத்தபோது வீட்டில் முதலில் எழுந்தது அப்பாவின் நினைவு. எங்கள் வீட்டில் உழவு மாடு இருந்த காலத்தில், நடக்க முடியாமல் போன காளையை அடிமாட்டுக்கு விட அப்பா மறுத்துவிட்டார். ஒரு வருடம் தொழுவத்தில் வைத்துத் தீவனம் போட்டார். அது தானாகவே கண்ணை மூடியது. “அவர் செய்யாததை நாம் எப்படிச் செய்வது? நம் கையால் உயிரை எடுக்கலாமா?” என்று அம்மா கேட்டார். அம்மாவின் கேள்வியை என்னால் இலேசாகத் தள்ள முடியவில்லை. நானும் அப்பாவின் மகள்தான்.

ஆனால் காளையும் அவலும் ஒன்றல்ல என்பதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். படுத்த காளை படுத்தபடியே அசைபோடும்; அதற்கு அந்த ஒரு வருடம் பெரும்பாலும் வலியில்லாத வருடம். சாப்பிடுவதை நிறுத்திய கினிப் பன்றி “தானாகக் கண்ணை மூடுவது” என்றால், வாயு நிறைந்த குடலோடு ஒரு பகலும் ஓர் இரவும் வேதனைப்பட்டு இறப்பது. அப்பா காளைக்குக் கொடுத்தது துன்பமில்லாத முடிவை. அதே முடிவை இந்தச் சிறிய உடம்புக்குக் கொடுக்க வேறு வழி தேவைப்படலாம். இதைச் சொன்னபோது அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “வாயைத் திறக்க மாட்டேன் என்று அதுவே சொல்லும் அன்றைக்குப் பார்க்கலாம்” என்றார்.

செய்முறையைத் தெரிந்துகொள்வது பயத்தைக் குறைக்கும். முதலில் ஆழ்ந்த மயக்கத்துக்கு மருந்து கொடுத்து, உணர்வு முழுதும் போனபின்தான் உயிரை நிறுத்தும் மருந்தைச் செலுத்த வேண்டும். இந்த விலங்கில் இரத்தக் குழாயைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் முதல் படி இன்றியமையாதது. “முதலில் மயக்கம் கொடுப்பீர்களா?” என்று கேட்டு, ஆம் என்று சொல்பவரிடம் மட்டும் போங்கள். அவசரம் வந்த நள்ளிரவில் தேடினால் டெல்டாவின் சிற்றூர்களில் ஆள் கிடைக்காது. தெளிவாக இருக்கும் ஒரு பகலிலேயே பேசி வைத்துவிட வேண்டும்.

எப்போது என்பதற்கு எங்கள் எல்லைகளை ஒரு தாளில் எழுதினோம். எடை 720 கிராமுக்குக் கீழே போனால். வலி மருந்து உச்ச அளவில் இருந்தும் கீச்சுக்குரல் நிற்காவிட்டால். ஊட்டுவதையும் இரண்டு வேளை தொடர்ந்து துப்பிவிட்டால். சிறுநீர் நின்றால் அதே நாளில், காத்திருக்காமல். அன்பு மிகுந்த நாளில் மனிதன் எல்லையைத் தள்ளித் தள்ளி வைப்பான். அதனால்தான் எழுதி வைத்தோம்.

உங்கள் விலங்குக்கு வேறு நோய் என்றால்

கல்லுக்குச் சொன்னது மற்றவற்றுக்கு அப்படியே பொருந்தாது. கடைவாய்ப் பற்கள் வளர்ந்து நாக்கை மூடிக்கொள்வது முதுமையில் அடிக்கடி வரும்: எச்சில் வழியும், கொய்யாவை எடுத்துக் கீழே போட்டுவிடும், மென்மையானதை மட்டும் தேடும். பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வதால் ஒருமுறை தேய்த்தால் முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் மயக்க மருந்தோடு, திரும்பத் திரும்ப. சென்னை வரை மாதம் ஒருமுறை போக முடியாதவர்கள் இதைத் தொடங்கும் முன்பே யோசிக்க வேண்டும். இருபக்க விலாவிலும் சமமாக முடி கொட்டினால் பெண்களில் சினைப்பை நீர்க்கட்டியை நினையுங்கள். எடை நன்றாக இருந்து வலி இல்லையென்றால் கிழவிக்கு அறுவை வேண்டாம், ஊசி மருந்து உண்டா என்று கேளுங்கள். வயதான ஆண்களுக்கு ஆசனவாய் தளர்ந்து மென்சாணம் தேங்கும். அதற்கு எந்த அறுவையும் வேண்டாம். தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் தினமும் மெல்ல எடுத்துவிட்டால் இன்னும் பல மாதம் நன்றாக இருக்கும்.

நாங்கள் வீட்டுப் பராமரிப்பைத் தேர்ந்தெடுத்தோம். எடை பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததும், வெளியே நாற்பதை நெருங்கிய வெயிலும், அம்மா வீட்டில் இருப்பதும் சேர்ந்து தந்த முடிவு. இதே கல் அவளுடைய நான்காவது வயதில், ஒரு தை மாதத்தில் வந்திருந்தால் ஒரத்தநாட்டுக்கோ வேப்பேரிக்கோ கூடையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். இப்போதும் அதையே சரி என்பேன். சேர்ந்து வளரும் எள்ளு நான்கு வயதுக்காரி. நோயாளி என்று அவலைத் தனியே பிரித்து வைக்கவில்லை. தனித்தால் இவை இன்னும் குறைவாகத்தான் தின்னும். ஒன்று புல்லை இழுத்தால் மற்றதும் இழுக்கும். யார் எவ்வளவு தின்கிறார்கள் என்பது தெரியாத குறையைத் தராசு தீர்த்துவைக்கிறது.

இன்று ஆனி பத்து. காலை எடை 884. நாள்காட்டித் தாளில் அம்மா எழுதியிருக்கிறார். கீச்சுக்குரல் கேட்டு ஒன்பது நாள் ஆகிறது. ஆடி முடிந்ததும் மறுபடி எக்ஸ்ரே. கல் குழாய்வரை இறங்கியிருந்தால், வயிற்றைத் திறக்காமல் இடுக்கியால் எடுக்க முடியுமா என்று கேட்கப் போகிறோம்.